ஜான் போஸ்டல்: நம்பர் கொடுத்தவர்

போன செமஸ்டர் லீவுல வீட்டுக்குப் போயிருந்தப்போ ஒரு சின்ன வேலை வந்தது. அப்பாவோட பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ். என் லேப்டாப்பில் உபுண்டு. அக்காவுக்கு ஆபீஸில் கொடுத்திருப்பது மேக். தாத்தாவோட சதாபிஷேக போட்டோக்கள் இந்த மூணு மெஷினிலும் சிதறிக் கிடந்தன. எல்லாத்தையும் ஒரே இடத்தில் சேர்க்கணும். பென் டிரைவைத் தேடித் தேடி அலுத்துப் போய், மூணும் ஒரே வைஃபையில்தானே இருக்கு, நேரடியாவே பேச வச்சுட்டா என்னன்னு உட்கார்ந்தேன்.

உங்கள்ல பாதிப் பேர் இதைச் செஞ்சிருப்பீங்க. முதல்ல என்ன செய்வீங்க? பிங் அடிப்பீங்க. நானும் அடிச்சேன். மேக் உடனே பதில் சொன்னது. விண்டோஸ் வாயே திறக்கவில்லை. ஃபயர்வாலுக்குள் போய், எக்கோ ரிக்வெஸ்ட்டை அனுமதிக்கும் ரூலை ஆன் செய்த பிறகு அதுவும் பேச ஆரம்பிச்சது.

வந்த பதில் வரிகளை உற்றுப் பாருங்க. மேக்கிலிருந்து வருவதில் டி.டி.எல் 64 என்று இருக்கும். விண்டோஸிலிருந்து வருவதில் 128. ஒவ்வொரு ஆபரேட்டிங் சிஸ்டமும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண்ணில் ஆரம்பிக்குது. ஆனா அந்த எண்ணை எழுதுகிற கட்டம் மட்டும் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருக்குது. ஒன்றுக்கொன்று போட்டி போடும் கம்பெனிகள், எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸ், எல்லாமே எப்படி ஒரே வடிவத்தில் பதில் சொல்லுது?

பிங் பயன்படுத்தும் ஐ.சி.எம்.பி என்ற முறையை விளக்கும் ஆவணத்தின் பெயர் ஆர்.எஃப்.சி 792. வந்த தேதி 1981 செப்டம்பர். மேலே எழுதியவர் பெயர் ஒன்றுதான்: ஜே. போஸ்டல். அதற்கு முந்தைய எண், 791, ஐ.பி. அடுத்த எண், 793, டி.சி.பி. அந்த இரண்டையும் தொகுத்தவரும் அவரே. நெட்வொர்க்ஸ் பேப்பருக்குப் படிக்கும்போது இந்த எண்களை நாம மனப்பாடம் செய்யறோம். ஆளை யாரும் நமக்குச் சொன்னதில்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் பிறப்பதற்கு முன்பே இறந்துபோன அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜொனாதன் புரூஸ் போஸ்டல் 1943 ஆகஸ்ட் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டடீனாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலஸை ஒட்டிய ஊர். வான் நைஸ் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பிற்காலத்தில் இன்டர்நெட்டின் தந்தைகளில் ஒருவர் என்று பெயரெடுத்த விண்ட் செர்ஃபும், ஆர்.எஃப்.சி வரிசையைத் தொடங்கிய ஸ்டீவ் க்ராக்கரும் அதே பள்ளியின் மாணவர்கள்தான். ஒரே ஸ்கூலில் இருந்து இப்படி மூணு பேர்! அந்த ஸ்கூல் தண்ணியில் என்ன கலந்திருந்ததோ தெரியலை.

பிறகு யு.சி.எல்.ஏ. 1966-ல் இன்ஜினியரிங்கில் இளநிலை, 1968-ல் முதுநிலை. பி.எச்டி ஆய்வில் இருந்தபோதுதான் 1969 வந்தது.

அந்த வருடம் அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சிப் பிரிவான ஆர்ப்பாவின் பணத்தில் நான்கு இடங்களை இணைத்தார்கள். இங்கே கொஞ்சம் நிதானமா வாசிங்க. நம்ம வீட்டு விண்டோஸ், லினக்ஸ், மேக் பிரச்சினையெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை. யு.சி.எல்.ஏவில் இருந்தது சிக்மா 7 என்ற 32 பிட் கம்ப்யூட்டர். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.டி.எஸ் 940, அது 24 பிட். சான்டா பார்பராவில் ஐ.பி.எம் 360/75. யூட்டாவில் பி.டி.பி 10, அது 36 பிட்! ஆபரேட்டிங் சிஸ்டங்களும் வேற வேற. பெரிய ஏ என்ற எழுத்தை ஆஸ்கியில் 65 என்று எழுதுவோம். ஐ.பி.எம்மின் எப்சிடிக் முறையில் அதே எழுத்து 193. நம்ம வீட்டு மூன்று மெஷின்களும் குறைந்தபட்சம் ஏ என்றால் 65 என்பதிலாவது ஒத்துப்போகின்றன. அந்த நான்குக்கு அதுகூட இல்லை.

கம்பியில் பிட்டுகளைக் கடத்தும் வேலையை ஐ.எம்.பி என்ற தனிப்பெட்டிகள் பார்த்துக்கொண்டன. வந்த பிட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்பதைத்தான் யாராவது முடிவு செய்யணும். அந்த யாராவது, பெரும்பாலும் நம்ம வயசுப் பசங்க. பட்டமேற்படிப்பு மாணவர்கள். தங்களுக்கு இதில் அதிகாரம் உண்டா என்றே அவர்களுக்குச் சந்தேகம். யாராவது பெரியவர்கள் வந்து திட்டுவார்களோ என்ற பயத்தில், தாங்கள் எழுதிய குறிப்புகளுக்கு விதி என்றோ தரநிலை என்றோ பெயர் வைக்காமல், கருத்து கேட்கும் குறிப்பு என்று பணிவாகப் பெயர் வைத்தார்கள். ஆர்.எஃப்.சி என்பதன் அர்த்தம் அவ்வளவுதான். 1969 ஏப்ரல் 7 தேதியிட்ட முதல் குறிப்பை க்ராக்கர் எழுதினார்.

அக்டோபர் 29 இரவு யு.சி.எல்.ஏவிலிருந்து ஸ்டான்ஃபோர்டு கம்ப்யூட்டருக்குள் லாகின் செய்ய முயன்றபோது, முதல் இரண்டு எழுத்து போனதும் எதிர்முனை கிராஷ் ஆனது உங்களுக்குத் தெரிந்த கதை. போஸ்டல் வேலை பார்த்தது அதே யு.சி.எல்.ஏ குழுவில்.

குறிப்புகள் பெருகின. எந்த எண்ணில் எந்தக் குறிப்பு, எந்த மெஷினுக்கு எந்த எண், எந்த சேவை எந்த சாக்கெட்டில் கேட்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். யாருக்கும் பிடிக்காத வேலை. நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் நோட்டை யார் கையில் கொடுக்கலாம்னு எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்ப்போமே, அப்படி. போஸ்டல் அந்த நோட்டை வாங்கிக்கொண்டார். 1972 மே மாதம் ஆர்.எஃப்.சி 349-ல், சாக்கெட் எண்களை வழங்க ஒரு ஜார் மன்னர் தேவை என்று எழுதி, அது நானாக இருக்கலாமா என்று அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறியும் போட்டார். யாரும் மறுக்கவில்லை. அந்தக் கேள்விக்குறியோடு அவர் ஏற்றுக்கொண்ட பதவி சாகும்வரை அவரிடமே இருந்தது. பின்னாளில் அதற்கு ஐயானா என்று பெயர் வந்தது. ரொம்ப காலத்துக்கு ஐயானா என்றால் ஏதோ பெரிய அலுவலகம் என்று நினைத்துக் கடிதம் எழுதியவர்களுக்கெல்லாம் பதில் எழுதியது இந்த ஒரு மனிதரும் அவருடன் வேலை செய்த ஓரிருவரும்தான்.

1974-ல் முனைவர் பட்டம். தலைப்பு, கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் முறைகளை கிராஃப் மாதிரி கொண்டு ஆராய்வது. சில இடங்களில் வேலை பார்த்துவிட்டு 1977-ல் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிலையத்தில் சேர்ந்தார். கடற்கரையை ஒட்டிய மரீனா டெல் ரேயில் இருந்த அந்த நிலையத்தை ஐ.எஸ்.ஐ என்பார்கள். அதன் பிறகு வேறு வேலைக்கே போகவில்லை. நீண்ட தாடி, காலில் செருப்பு, லீவு கிடைத்தால் சியரா மலைகளில் முதுகுப்பையோடு நடை. போட்டோவைப் பார்த்தால் ஏதோ சித்தர் மாதிரி இருப்பார்.

சேர்ந்த வருடமே அவர் எழுதிய ஒரு குறிப்பு, என் கணக்கில், அவர் செய்ததிலேயே பெரிய காரியம். அப்போது டி.சி.பி என்பது ஒரே பெரிய உருண்டை. பாக்கெட்டை ஊர் ஊராகக் கடத்தி முகவரியில் சேர்ப்பது, தொலைந்தால் திரும்ப அனுப்புவது, வரிசை மாறினால் சரிசெய்வது எல்லாமே அதற்குள். 1977 ஆகஸ்ட் 15 தேதியிட்ட குறிப்பில், அடுக்குகளைக் கலப்பதால் நாம் தப்புப் பண்ணுகிறோம் என்று போஸ்டல் சுற்றி வளைக்காமல் எழுதினார். நம்ம தபால் ஆபீஸை வைத்து யோசிங்க. முகவரி பார்த்து உறையை ஊர் ஊராகக் கடத்துவது ஒரு வேலை. பதிவுத் தபால், ஒப்புகைச் சீட்டு என்பது வேறு வேலை. எல்லாக் கடிதத்துக்கும் ஒப்புகைச் சீட்டு கட்டாயம் என்றால் கல்யாணப் பத்திரிகை கூட அனுப்ப முடியாது. (ஆமா, அவர் பெயரிலேயே போஸ்ட் இருக்கு. கவனிச்சாச்சு.)

அவருடைய சகா டேனி கோஹன் போன்றவர்கள் நெட்வொர்க் வழியாகக் குரலை அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் தொலையட்டும். அதைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு எங்கோ போயிருக்கும். அவர்களுக்கும் இந்தப் பிரிவினை தேவைப்பட்டது. 1978-ல் டி.சி.பி இரண்டாகப் பிரிந்தது. கீழே ஐ.பி, மேலே டி.சி.பி. ஒப்புகை வேண்டாதவர்களுக்கு யு.டி.பி, 1980-ல் அதை எழுதியவரும் போஸ்டல்தான், ஆவணம் மூன்றே பக்கம். நீங்க ஹாஸ்டல்ல ராத்திரி ஆன்லைன் கேம் ஆடும்போது போவது பெரும்பாலும் யு.டி.பி.

காகிதத்தில் எழுதியதை வைத்து ஆளாளுக்கு புரோகிராம் எழுதினால் அவை ஒன்றோடொன்று பேசுமா? எழுதியவர்களையெல்லாம் ஒரே இடத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிடுவோம் என்று 1979 ஜனவரி 27, ஒரு சனிக்கிழமை, ஐ.எஸ்.ஐக்கு வரவழைத்தார். பெயர் பேக் ஆஃப், அதாவது சமையல் போட்டி! மதிப்பெண் முறையும் உண்டு. இப்படியான போட்டிகளுக்கான விதிகளை பின்னாளில் ஆர்.எஃப்.சி 1025 ஆக வெளியிட்டார், தேடிப் படிங்க. குத்துச்சண்டை மாதிரி எடைப் பிரிவுகள். உன் புரோகிராம் தன்னோடு தானே இணைப்பு போட்டால் 1 மதிப்பெண். வேறொருவருடைய புரோகிராமோடு போட்டால் 2. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பேசினால் 10. எதிராளியை முறையான பாக்கெட்டுகளாலேயே கிராஷ் செய்ய வைத்தால் 30! முறைகேடான பாக்கெட் அனுப்பி விழ வைத்தால் 20தான்.

சிரிப்பாக இருந்தாலும் யோசிங்க. தன்னோடு தானே பேசுவதற்கு மிகக் குறைந்த மதிப்பெண். நம்ம லேப் ரெக்கார்டில் லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடிய ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டிவிட்டு முழு மார்க் வாங்குகிறோமே, போஸ்டல் கணக்கில் அது ஒற்றை இலக்கம்.

1980 தொடக்கத்தில் அவர் எழுதிய ஐ.பி, டி.சி.பி ஆவணங்களில்தான் அவர் பெயரால் அழைக்கப்படும் விதி வருகிறது. தான் அனுப்பும்போது விதியிலிருந்து ஒரு பிட் கூடப் பிசகக் கூடாது. அடுத்தவர் அனுப்பியதில் சின்னப் பிசகு இருந்தாலும் பொருள் விளங்கினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேறு வேறு ஆட்கள், வேறு வேறு ஆபரேட்டிங் சிஸ்டங்களில் எழுதிய புரோகிராம்கள் சண்டை போடாமல் இருக்க அன்று இதைவிட நல்ல வழி இருந்திருக்காது.

இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாரும் எல்லாத் தவறையும் பொறுத்துக்கொண்டே போனால், தவறே நாளடைவில் விதியாகிவிடும். அடுத்து எழுதுபவன் அந்தத் தவறையும் சேர்த்துப் பார்த்து எழுத வேண்டியிருக்கும். 2023-ல் வந்த ஆர்.எஃப்.சி 9413 இதையே விரிவாக வாதிடுகிறது. அவர் வளர்த்த ஆவண வரிசையிலேயே அவர் விதிக்கு மறுப்பு. எனக்கென்னவோ அவர் இருந்திருந்தால் அதையும் எழுத்துப் பிழை திருத்தி, எண் கொடுத்து வெளியிட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

பொறுத்துக்கொள்ளாத மெஷினிடம் நான் பட்டதைச் சொல்லணும். அன்று போட்டோக்களைத் தேதிவாரியாகப் பெயர் மாற்ற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். எழுதியது அப்பாவின் விண்டோஸில், நோட்பேடில். உபுண்டுவுக்குக் கொண்டுவந்து ஓட்டினால், அப்படி ஒரு இன்டர்பிரட்டரே இல்லை என்று சொன்னது. கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரிகிறது. ஒரு மணி நேரம் போச்சு. விஷயம் இதுதான்: வரி முடியும் இடத்தில் விண்டோஸ் இரண்டு குறிகளைப் போடுகிறது, கேரியேஜ் ரிட்டர்ன் 13, லைன் ஃபீட் 10. லினக்ஸ் லைன் ஃபீட் மட்டும். மிச்சமிருந்த அந்த 13-ஐ லினக்ஸ் பெயரின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டது. பழைய மேக் போட்டது 13 மட்டும்.

இந்தச் சண்டை 1983-க்கும் முந்தையது. அந்த வருடம் மே மாதம் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் சேர்ந்து வெளியிட்ட டெல்நெட் ஆவணம், ஆர்.எஃப்.சி 854, இதற்குச் சொல்லும் வழி அழகானது. உன் மெஷினை மாற்றச் சொல்லவில்லை. என் மெஷினையும் மாற்றச் சொல்லவில்லை. நடுவில் ஒரு கற்பனை டெர்மினல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு வரி முடிவு 13, 10 இரண்டும். கம்பியில் போகும்போது எல்லாரும் அதன் மொழியில் பேச வேண்டும், வீட்டுக்குள் வந்த பிறகு அவரவர் மொழி. நான்கு விதமான மெஷின்கள் இருந்தால், ஒவ்வொன்றும் மற்ற மூன்றின் மொழியையும் கற்க வேண்டாம். நடுமொழி ஒன்று போதும். ஈமெயிலிலும், பிரவுசர் அனுப்பும் ஹெச்.டி.டி.பி தலைப்பு வரிகளிலும் அந்த 13, 10 ஜோடி இருந்துகொண்டுதான் இருக்கிறது.

ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் பெயரைக் குறித்துக்கொள்ளுங்க. எஃப்.டி.பி உட்பட போஸ்டலின் பல ஆவணங்களில் இரண்டாவது பெயர் அவருடையது. எண் ஒதுக்கும் அன்றாட வேலையில் பெரும்பகுதி அவர் தலையில்தான் விழுந்தது.

1983 ஜனவரி 1-க்குள் ஆர்ப்பாநெட் மெஷின்கள் எல்லாம் பழைய என்.சி.பியிலிருந்து டி.சி.பி, ஐ.பிக்கு மாற வேண்டும் என்று முடிவாயிற்று. மாற்றத் திட்டத்தை எழுதியவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. ஆர்.எஃப்.சி 801, 1981 நவம்பர். ஒரு வருட அவகாசம். நாம அசைன்மென்ட்டைக் கடைசி ராத்திரி வரை தள்ளுவதுபோல் பலரும் தள்ளினார்கள். 1982 நடுவில் ஒரு நாள், பழைய முறையை நெட்வொர்க்கிலேயே அணைத்துவிட்டார்கள். மாறாதவர்கள் அன்று முழுக்க இருட்டில். அதற்கப்புறம்தான் வேகம் பிடித்தது. மாறி முடித்தவர்கள் தப்பிப் பிழைத்தோம் என்று சட்டையில் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள்.

மெஷின்கள் பெருகியதும் எண்களை நினைவில் வைப்பது கஷ்டம் என்று பெயர் முறை தேவைப்பட்டது. போஸ்டல் அந்தப் பொறுப்பை ஐ.எஸ்.ஐயிலிருந்த பால் மோக்கபெட்ரிஸிடம் கொடுத்தார். 1983 நவம்பரில் டி.என்.எஸ் வந்தது. நாட்டுக்கு ஒரு குறியீடு வேண்டும் என்றபோது, எது நாடு, எது நாடு இல்லை என்று முடிவு செய்யும் வம்பு தனக்கு வேண்டாம் என்று, ஏற்கனவே இருந்த ஐ.எஸ்.ஓ 3166 பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். 1989-ல் நம்ம நாட்டுக்கு டாட் இன் கிடைத்தது அந்தப் பட்டியலின்படிதான்.

எண் வாங்க என்ன செய்யணும்? ஒரு ஈமெயில். 1995-ல் ஃபின்லாந்தில் டாட்டு யோலனென் என்பவர், தன் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகளை யாரோ ஒட்டுக்கேட்டுத் திருடியதால், எஸ்.எஸ்.ஹெச் எழுதினார். அது மாற்றாக வரப்போவது 21-ல் இருந்த எஃப்.டி.பிக்கும் 23-ல் இருந்த டெல்நெட்டுக்கும். நடுவில் 22 காலியாக இருந்தது. ஐயானாவுக்கு எழுதிக் கேட்டார். மறுநாளே ரெனால்ட்ஸிடமிருந்து பதில்: 22 உங்களுக்கு. ஃபீஸ் இல்லை, கமிட்டி இல்லை. நம்ம காலேஜில் ஒரு போனஃபைடு சர்டிஃபிகேட் வாங்கறதுக்குள்ள ஆகிற நாட்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இதில் ஒரு ஆபத்தும் இருந்தது. உலகமே சாய்ந்து நிற்கும் ஒரு தூண் ஒரு மனிதரின் நேர்மை என்றால், அந்த மனிதருக்குக் கோபம் வந்தால் என்ன ஆகும்? 1998 அதைக் காட்டியது.

1995-லிருந்து டொமைன் பெயருக்குக் கட்டணம் வந்துவிட்டது, வருடத்துக்கு 50 டாலர். பெயர் என்பது பணமானது. மூல சர்வர்கள் 13. அவற்றில் முதன்மையான ஏ சர்வர் அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியிடம். மற்ற 12 சர்வர்களும் அதிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளும். பெயர் முறையை இனி யார் ஆள்வது என்று அரசும் கம்பெனிகளும் இன்ஜினியர்களும் இழுபறியில் இருந்த நேரம். 1998 ஜனவரி 28 அன்று போஸ்டல், அந்த 12-ல் எட்டு சர்வர்களை நடத்தியவர்களுக்கு ஒரு ஈமெயில் அனுப்பினார்: இனி ஏ சர்வரிடமிருந்து வேண்டாம், ஐ.எஸ்.ஐயிலுள்ள எங்கள் மெஷினிலிருந்து நகல் எடுங்கள்.

எட்டுப் பேரும் எடுத்தார்கள். கேள்வி கேட்காமல். கேட்டவர் போஸ்டல் என்பதே போதுமானதாக இருந்தது. கையெழுத்து, ஆணை, சட்டம் எதுவும் இல்லை.

இரண்டு மெஷின்களிலும் இருந்த தகவல் ஒன்றே என்பதால் பயன்படுத்துபவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் வாஷிங்டனுக்குத் தெரிந்தது. அதிபர் கிளின்டனின் ஆலோசகர் ஐரா மேகசினர் போனில் பிடித்தார். போஸ்டல், இது ஒரு சோதனைதான் என்றார். பழையபடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். பெயர் முறையை என்ன செய்யப்போகிறோம் என்ற அரசின் முன்வரைவு அந்த மாதம் 30-ஆம் தேதியே வெளியானது.

அது வெறும் சோதனை என்று நான் நம்பவில்லை. யார் கையில் சாவி இருக்கிறது என்று காட்டத்தான் செய்தார் என்று நினைக்கிறேன். செய்தது சரியா? இத்தனை வருடம் ஒரு பைசா வாங்காமல் காத்ததை, பேச்சுவார்த்தை மேசையில் யாரோ பிரித்துக்கொள்வதைப் பார்த்தவரின் ஆதங்கம் புரிகிறது. ஆனா ஒரே ஆள் ஒரே ஈமெயிலில் மூல சர்வர்களில் பெரும்பாலானதைத் திருப்ப முடியும் என்றால், அந்த ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை. போஸ்டலுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். தன் வேலையை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் ஏற்பாடுகளில் அந்த வருடம் முழுக்க அவரும் உழைத்தார். அப்படித்தான் 1998 செப்டம்பரில் ஐகான் பதிவானது.

அடுத்த மாதமே அவர் இல்லை. 1991-லேயே இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். இதயச் சிகிச்சையைத் தொடர்ந்த சிக்கல்களால் 1998 அக்டோபர் 16 அன்று லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். வயது 55. ஏறத்தாழ 28 வருடம் ஆர்.எஃப்.சி ஆசிரியராக இருந்தவர். தானே 200-க்கும் மேல் எழுதியவர். ஒருமுறை வெளியான ஆர்.எஃப்.சியைத் திருத்தக் கூடாது, திருத்தம் வேண்டுமானால் புது எண்ணில் புது ஆவணம் என்பதில் கறாராக இருந்தவர். அதே கறார் ஆசிரியர்தான் ஏப்ரல் 1 வந்தால் புறா மூலம் ஐ.பி பாக்கெட் அனுப்பும் முறைக்கும் எண் கொடுத்தார், அது 1149.

மறுநாள் விண்ட் செர்ஃப் எழுதிய அஞ்சலி அதே வரிசையில் வந்தது. ஆர்.எஃப்.சி 2468. பள்ளித் தோழருக்கான இரங்கல் கடிதத்துக்கும் ஒரு எண்.

உங்க மெஷினில் ஒரு வேலை செய்யுங்க. லினக்ஸோ மேக்கோ வைத்திருந்தால் ஈ.டி.சி ஃபோல்டருக்குள் சர்வீசஸ் என்ற ஃபைலைத் திறங்க. விண்டோஸ் என்றால் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள்ளும் ஒரு ஈ.டி.சி; அங்கேயும் அதே பெயரில் அதே ஃபைல். நான் மூணு மெஷினிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எக்கோ 7. டிஸ்கார்டு 9. எஃப்.டி.பி 21. டெல்நெட் 23. எஸ்.எம்.டி.பி 25. மூணிலும் ஒரே எண்கள். விண்டோஸ் ஃபைலில் மட்டும் வரி முடிவு 13, 10.

வீட்டு ரவுட்டர் கொடுக்கிற 192.168 முகவரிகளும் ஐயானா ஒதுக்கி வைத்தவைதான். 1994-ல் அது ஆவணமானது. அதோடு சேர்த்து ஒதுக்கிய 10 என்ற எண் ஒரு காலத்தில் ஆர்ப்பாநெட்டின் சொந்த எண். 1990-ல் ஆர்ப்பாநெட்டை மூடியதும் காலியான எண்ணை வீட்டுக்கும் ஆபீஸுக்கும் கொடுத்துவிட்டார்கள். நம்ம ஹாஸ்டல் வைஃபையில் உங்க முகவரி 10-ல் ஆரம்பித்தால், அது அந்தப் பழைய வீட்டு நம்பர்.

ஸ்கிரிப்ட்டில் இருந்த 13-களை நீக்கி, உபுண்டுவில் சாம்பா போட்டு, ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தேன். விண்டோஸின் ஃபைல் ஷேரிங் முறைக்கு இப்படித் திறந்த ஆவணம் இல்லாத காலத்தில், 1992 வாக்கில் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற மாணவர் கம்பியில் போகும் பாக்கெட்டுகளைப் பார்த்துப் பார்த்தே எழுதியது சாம்பா. அது தனிக் கதை, அடுத்த இதழில் யாராவது எழுதுங்க. ராத்திரி பதினொன்றரைக்குள் தாத்தாவின் போட்டோக்கள் மூன்று மெஷினிலிருந்தும் ஒரே ஃபோல்டருக்கு வந்து சேர்ந்தன. வந்த வழி போர்ட் 445. அதுவும் அந்த சர்வீசஸ் ஃபைலில் இருக்கிறது.